கச்சான் காற்றும் கணினிப் பெட்டியும்

கற்பிட்டிப் பக்கத்தில் முதன்முறையாக வீட்டிலேயே ஒரு கணினியைப் பூட்டிக்கொள்ள நினைக்கிறவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு தாளோடுதான் வருவார்கள். முதல் வரியில் ப்ரொசசர், அடுத்த வரியில் வீஜீஏ கார்ட், பிறகு ரேம். பவர் சப்ளையும் கேசிங்கும் அடியில் கிடக்கும். பல தாள்களில் அவை இருப்பதே இல்லை. பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் வீதியோரம், 2000-களின் தொடக்கத்திலிருந்து கணினி திருத்தும் கடை நடத்திவரும் தொழில்காரரை ஊர்ப் பிள்ளைகள் நானா என்பார்கள். நானா அந்தத் தாளை வாங்கிக் கடைசி வரியிலிருந்துதான் வாசிப்பார். "ப்ரொசசர் எங்கயும் ஓடிப் போகாது தம்பி. முதல்ல கரண்டையும் காத்தையும் பாப்பம்" என்பது அவர் வழக்கமாகச் சொல்வது.

அவரை அப்படிச் சொல்ல வைத்தது இந்தக் கரை. கற்பிட்டிக் குடாநாட்டுக்கு மேற்கே கடல், கிழக்கே புத்தளம் களப்பு. இரண்டு பக்கமும் உப்புநீர். புத்தளத்தில் உப்பளங்கள் செழிப்பதற்கு வேண்டிய வெயிலும் காற்றும் இங்கே தாராளம். மே மாதம் தொடங்கினால் கச்சானும் சோளகமும் செப்டெம்பர்வரை ஓயாது. பட்டத்தைப் பிடித்தபடி கடலில் சறுக்கும் வெளிநாட்டுக்காரர்கள் கற்பிட்டிக்கு வருவது அந்தக் காற்றுக்காகவே. அதே காற்று அலைத்திவலையை நுண்ணிய உப்பாக்கி யன்னல் வழியே வீட்டுக்குள் கொண்டுவருகிறது. சோடியம் குளோரைட்டுக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதன் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலுள்ள நீரைத் தானே இழுத்துக் கரைந்துவிடும். பகலில் வெறும் தூசியாகக் கிடந்த உப்பு, இரவில் மின் கடத்தும் ஈரப்படலமாக மாறும். கரையோர வீடுகளில் 75-ஐத் தாண்டாத இரவு அரிது.

கண்டக்குளியில் கடலைப் பார்த்த வீடொன்றிலிருந்து வந்த கணினியை அவர் திறந்து காட்டினால் போதும், வேறு விளக்கம் தேவைப்படாது. பின்பக்கத் தகட்டில் யூஎஸ்பி வாய்களைச் சுற்றிச் செந்துரு. மதர்போர்டைப் பிடித்திருந்த திருகாணிகளின் தலை உதிர்ந்து பொடியாகக் கையில் வருகிறது. ரேமைக் கழற்றினால் பொன்முலாம் பூசிய பற்களின் ஓரத்தில் பச்சைக் களிம்பு. பவர் சப்ளையின் காற்றாடி இதழ்களில் தூசியும் உப்பும் சேர்ந்து பசை மாதிரி ஒட்டியிருக்கின்றன; தூரிகையால் தட்டினால் விழாது, ஐசோப்ரோப்பைல் அல்ககோல் தொட்டுத் துடைக்க வேண்டும். ப்ரொசசருக்கு ஒன்றுமில்லை. வேறொரு மதர்போர்டில் போட்டால் அப்படியே வேலை செய்கிறது.

இந்தத் தொழிலில் அவர் கண்டது திரும்பத் திரும்ப இதுதான்: விளம்பரத்தில் பெயர் வரும் சாமான் சாவதில்லை, பெயர் வராத சாமான்தான் சாகிறது, போகிறபோது பக்கத்தில் இருப்பதையும் கொண்டுபோகிறது.

பவர் சப்ளை முதலில் போவதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது. நம் வீட்டு 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை அது நேராக்கும்போது உள்ளே ஏறத்தாழ 325 வோல்ட் நிற்கும். தரமான, பவர் ஃபாக்டர் திருத்தம் உள்ள வகைகளில் அது 380-க்கும் மேலே போகும். அத்தனை அழுத்தம் நிற்கும் பலகையின் மேல்தான் அதன் காற்றாடி வெளிக்காற்றை ஊதிக்கொண்டே இருக்கிறது. உப்புப் படலம் ஈரமாகி இரண்டு செப்புக் கோடுகளை இணைத்துவிட்டால், அந்த இடம் கருகி, மெல்லக் கரிப்பாதை போட்டு, ஒரு நாள் வெடிச்சத்தத்தோடு முடிகிறது. மதர்போர்டில் இருப்பது 12 வோல்ட்டும் அதற்குக் கீழும். ஆகவே உப்பு அங்கே அரிக்கும். இங்கே வெடிக்க வைக்கும்.

கேசிங்கோடு சேர்த்து விற்கும் மலிவு பவர் சப்ளைகளைப் பற்றிக் கேட்டால் அவர் லேபலைப் பார்க்கச் சொல்வார். மேலே பெரிய எழுத்தில் 500 வாட் என்றிருக்கும். கீழே சின்ன அட்டவணையில் 12 வோல்ட் வரிசைக்கு நேரே 18 அம்பியர் என்றிருந்தால், 12-ஐ 18-ஆல் பெருக்கினால் வருவது 216 வாட். இன்றைய கணினியில் ப்ரொசசரும் வீஜீஏ கார்டும் உண்பது ஏறத்தாழ முழுக்க அந்த 12 வோல்ட்டிலிருந்துதான். ஆர்டிஎக்ஸ் 3060 கார்ட் ஒன்று 170 வாட் கேட்கும். 65 வாட் என்று சொல்லப்படும் ரைசன் ப்ரொசசர் முழுச் சுமையில் 88 வாட்வரை எடுக்கும். கூட்டினால் 258. லேபலில் உள்ள 500-ஐ நம்பி வாங்கியவருக்கு 216-தான் கையில் இருக்கிறது. இந்தப் பெருக்கலை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையாலும் செய்ய முடியும். ஆனால் கடையில் பெட்டியைத் திருப்பி அட்டவணையை வாசிக்கிறவர்கள் மிகக் குறைவு.

80 பிளஸ் முத்திரையையும் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். 2004-இல் தொடங்கிய அந்தத் திட்டம் அளப்பது, எடுத்த மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் கணினிக்குப் போகிறது என்பதை. ப்ரொன்ஸ் தரம் என்றால் அரைச் சுமையில் 85 சதவீதம். பாதுகாப்புச் சுற்றுகள் உண்டா, உள்ளே போட்ட கப்பாசிட்டர் எப்படிப்பட்டது என்று அந்த முத்திரை சொல்லாது. இருந்தாலும் முத்திரையும் ஐந்து வருட உத்தரவாதமும் சேர்ந்து வருகிற ஒன்றை வாங்குங்கள் என்றே அவர் சொல்கிறார். அத்தனை காலத்துக்குப் பொறுப்பேற்கிற கம்பெனி உள்ளே மட்டமான சாமான் போட்டால் நட்டம் அதற்குத்தான்.

கப்பாசிட்டர் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்குத் தொழிலின் முதல் வருடங்கள் நினைவுக்கு வரும். பென்டியம் 4 காலம். மதர்போர்டில் நின்ற சிறு உருளைகளின் தலை வீங்கி, கபில நிறத் திரவம் கசிந்து, கணினி நடுவில் நின்றுவிடும். ஊரில் எல்லோரும் கரண்டைக் குற்றம் சொன்னார்கள். உண்மையில் அது உலகம் முழுக்கப் பரவிய கோளாறு. பிழையான மின்பகு திரவம் நிரப்பிய கப்பாசிட்டர்கள் அந்தப் பத்தாண்டின் முற்பாதியில் எண்ணற்ற பலகைகளில் ஏறியிருந்தன. டெல் கம்பெனி தன் ஆப்டிபிளெக்ஸ் கணினிகளைச் சரிசெய்ய 2005-இல் 30 கோடி டொலர் ஒதுக்க நேர்ந்தது. சில சதம் விலையுள்ள சாமான் ஒரு கணினியையே விழுத்தும் என்பதை அந்தக் காலத்துத் திருத்துநர்கள் ஈயம் பற்றவைத்தே படித்தார்கள்.

கரண்டுக்கு வருவோம். நாட்டின் மிகப் பெரிய மின் நிலையம் நுரைச்சோலையில் இருக்கிறது. மூன்று அலகுகள், 900 மெகாவாட். கடையின் வாசலில் நின்றால் அதன் புகைபோக்கி தெரியும். அதனால் இங்கே கரண்ட் நிற்காது என்று யாரும் நினைத்தால் தவறு. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு வந்தபோது குடாநாடும் இருட்டில்தான் கிடந்தது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை துணை மின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதில் தீவு முழுக்கக் கரண்ட் போனது. நுரைச்சோலையின் மூன்று அலகுகளும் நின்றுவிட்டன, அடுத்த நாட்களிலும் முறைவைத்து வெட்டினார்கள். கரண்ட் போவதைவிட அது திரும்பி வரும் கணம்தான் சாமானுக்கு ஆபத்து. எல்லா வீட்டுக் குளிர்பெட்டிகளும் நீர்மோட்டர்களும் ஒரே நேரத்தில் இழுக்கும்போது வோல்ட் ஏறி இறங்கும்.

ஆகவே யூபிஎஸ், தாளில் இல்லாவிட்டாலும், பட்ஜெட்டில் இருக்க வேண்டும். 650 வீஏ வகையில் உள்ளே இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 அம்பியர்-மணி பற்றரி. மொத்தம் 84 வாட்-மணி. வேகமாக உறிஞ்சும்போது அதில் பாதியளவுதான் கைக்கு வரும். வேலையைச் சேமித்து ஒழுங்காக அணைப்பதற்கு அது போதும்; மின்வெட்டு முழுக்க வேலை செய்வதற்கு அல்ல. மலிவு யூபிஎஸ்கள் பற்றரியில் ஓடும்போது தருவது சுத்தமான அலைவடிவம் இல்லை. சில நல்ல பவர் சப்ளைகள் அதை ஏற்காமல் கணினியை அணைத்துவிடும். இரண்டையும் ஒரே கடையில் வாங்கி, அங்கேயே சேர்த்துப் பூட்டி, ப்ளக்கைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

எர்த் பற்றிக் கதைக்கும்போது அவர் குரலை உயர்த்திவிடுவார். கேசிங்கைத் தொட்டால் சுள்ளென்கிறது என்று மாதத்துக்கு ஒருவராவது வருகிறார்கள். பவர் சப்ளையின் வாயிலில் இரைச்சலை வடிக்க இரண்டு சிறு கப்பாசிட்டர்கள் இருக்கின்றன; ஒன்று லைவ் கம்பியிலிருந்து உடலுக்கு, மற்றது நியூட்ரலிலிருந்து உடலுக்கு. எர்த் இருந்தால் அந்தச் சிறு கசிவு மண்ணுக்குப் போகும். எர்த் இல்லாவிட்டால் கேசிங்கின் இரும்பு 230-இன் பாதியில், சுமார் 115 வோல்ட்டில் தொங்கிக்கொண்டு நிற்கும். மின்னோட்டம் மிகச் சிறியது, ஆளைக் கொல்லாது. ஆனால் அந்த நிலையில் பிரிண்டரையோ டீவியையோ கேபிளால் இணைக்கும்போது வாய்கள் எரிந்துபோவதுண்டு. 13 அம்பியர் சதுர முனைப் ப்ளக்தான் நாட்டின் நியமம் என்று ஆகிவிட்ட பிறகும், பழைய வீடுகளில் இரண்டு துளை அடெப்டர்களில்தான் கணினி ஓடுகிறது. குடாநாட்டின் மணலில் இன்னொரு சிக்கலும் உண்டு. மேல்மணல் காய்ந்தால் எர்த் கம்பிக்கு மண்ணோடு பிடிப்பு இல்லை. ஆழத்தில் உவர்நீரைத் தொட்டால் கம்பியே அரிக்கிறது.

கேசிங்கில் கண்ணாடிக் கதவும் வர்ண விளக்கும் பிள்ளைகளை இழுக்கும். நானா பார்ப்பது முன்பக்கத்தில் கழற்றிக் கழுவக்கூடிய வலை இருக்கிறதா, உள்ளே காற்றை இழுக்கும் காற்றாடிகள் வெளியே தள்ளுபவற்றைவிட அதிகமா என்பதை. இழுப்பது அதிகமானால் உள்ளே அழுத்தம் சற்றுக் கூடி நிற்கும். இடுக்குகள் வழியே காற்று வெளியேதான் போகும், உள்ளே வரும் காற்று முழுக்க வலையைத் தாண்டியே வரும். வலையைக் கிணற்று உவர்நீரில் கழுவிக் காயவைத்தால் நீர் போய் உப்பு அதிலேயே நிற்கும். மழைநீரோ குழாய்நீரோ வேண்டும்.

முந்தல் பக்கத்திலிருந்து ஒரு மாணவனும் வாப்பாவும் வந்த நாளை அவர் அடிக்கடி சொல்வார். பிள்ளை உயர்தரத்தில் ஐசிடி எடுத்தவன். அவன் தாளில் வீஜீஏ கார்டே பட்ஜெட்டில் பாதியைத் தின்றிருந்தது.

"மகன் கேமுக்குத்தான் கேக்கிறான் போல, நானா" என்றார் வாப்பா.

"கேம் விளையாடட்டும். ஆனா கார்டுக்கு முதல்ல சோறு போடணுமே" என்று சொல்லி, அவர் அதே காசுக்குப் புதுத் தாள் ஒன்று எழுதினார். உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள ரைசன் 5 5600ஜி. ஆறு கோர், 2021-இல் வந்தது. பி550 மதர்போர்ட். ரேம் 16 ஜீபீ, ஆனால் ஒரே துண்டாக அல்ல, எட்டு எட்டாக இரண்டு. உள்ளமைந்த கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, ரேமிலிருந்துதான் எடுக்கிறது. இரண்டு துண்டும் இரண்டு தடத்தில் ஓடும்போது அதற்குக் கிடைக்கும் வேகம் இருமடங்கு. 550 வாட் ப்ரொன்ஸ் பவர் சப்ளை, வலையுள்ள கேசிங், யூபிஎஸ். கார்டுக்கான இடமும் வயரும் தயாராக, கார்ட் மட்டும் பிறகு. பல்கலைக்கழக அனுமதி கிடைத்தபோது அந்தப் பிள்ளை 132 வாட் எடுக்கும் ஆர்எக்ஸ் 6600 ஒன்றை வாங்கிவந்து பூட்டிக்கொண்டான். வேறு எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

பெயரின் கடைசியில் வரும் ஒற்றை எழுத்தைப் பாருங்கள் என்று அவர் சொல்வதும் இதனால்தான். 5600ஜி-யில் திரைக்குப் படம் வரும்; வெறும் 5600-இல் வராது. இன்டெல் கோர் ஐ3-12100-இல் வரும்; அதன் எஃப் வகையில் வராது. சில ஆயிரம் ரூபா மிச்சம் பிடிக்கப் போய், பூட்டி முடித்த இரவில் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் உண்டு. ஏஎம்4 பலகைகளில் பயோஸ் பதிப்பையும் கேட்க வேண்டும். 2016-இல் வந்த அந்தச் சொக்கெட்டில் பழைய ஸ்டொக் பலகை புது ப்ரொசசரை அடையாளம் காணாது. ஏஎம்5 என்றால் டீடீஆர்5 ரேம் மட்டுமே ஏறும். எல்ஜிஏ 1700-இல் பலகையைப் பொறுத்து டீடீஆர்4 அல்லது 5, இரண்டும் சேர்ந்து ஏறாது.

சேமிப்புக்கு இன்று என்விஎம்இ எஸ்எஸ்டிதான். சாட்டா வகை நொடிக்குச் சுமார் 550 எம்பீ, மூன்றாம் தலைமுறை என்விஎம்இ 3,500 அளவு. இரண்டும் எம்.2 வடிவில் ஒரே மாதிரி இருக்கும், வெட்டுப் பள்ளத்தை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பழைய வீஜீஏ கார்ட் மலிவாகக் கிடைக்கிறதே என்பார்கள். 2022 செப்டெம்பரில் எதீரியம் நாணயம் தன் முறையை மாற்றியதும், இரவு பகலாக நாணயம் தோண்டிக்கொண்டிருந்த கார்டுகள் உலகச் சந்தையில் கொட்டப்பட்டன. அவற்றில் நல்லவையும் உண்டு. காற்றாடி சத்தம் போடுகிறதா, கடையிலேயே அரை மணித்தியாலம் சுமையில் நிற்கிறதா என்று பார்த்து எடுக்கலாம். அலுவலகங்களில் கழித்த நான்காம் தலைமுறை ஐ5 கணினிகள் விடயத்தில்தான் அவர் இப்போது கையை விரிக்கிறார். வின்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. வின்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே ஏற்பதில்லை. லினக்ஸ் போட்டு ஓட்டத் தெரிந்தவருக்கு அவை இன்னும் பயன்படும். படிக்கிற பிள்ளைக்கு முதல் கணினியாக வேண்டாம்.

விலையைப் பற்றி யாரும் உறுதி சொல்ல முடியாது. 2011-இல் தாய்லாந்தில் வெள்ளம் வந்து தொழிற்சாலைகள் மூழ்கியபோது பாலாவியில் ஹார்ட் டிஸ்க் விலை ஏறியது. 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360-ஐத் தாண்டியது. 100 டொலர் சாமான், வரி சேர்க்காமலே, 20,000-லிருந்து 36,000 ஆனது. வற் வரி 2024 ஜனவரியில் 18 சதவீதமாயிற்று. 2025 கடைசியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டதில் ரேம் விலை மடங்காக ஏறியது. சாதாரண வாடிக்கையாளருக்கான க்ரூஷியல் ரேமைக் கைவிடுவதாக மைக்ரோன் கம்பெனி டிசம்பரில் அறிவித்தது. ஏறும் காலத்தில் ஒரு சாமானைக் குறைக்க வேண்டி வந்தால் எதைக் குறைப்பது? பிறகு சேர்க்கக்கூடியதை. எஸ்எஸ்டியின் அளவு, வீஜீஏ கார்ட், இரண்டாவது ஜோடி ரேம். பவர் சப்ளையும் மதர்போர்டும் அந்த வரிசையில் இல்லை.

சாமான் வாங்க இங்கிருந்து பலர் கொழும்புக்கு, பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்குப் போவார்கள். மாடி மாடியாக ஏறி விலை கேட்கலாம். ஆனால் பில்லின் அடியில் உள்ள சின்ன எழுத்தை அங்கேயே நின்று வாசிக்க வேண்டும். பல கடைகளில் உத்தரவாதத்தின் ஒரு வருடம் என்பது 350 நாள். துரு, எரிந்த அடையாளம், இடிமின்னல் தாக்கம் இவற்றுக்கு உத்தரவாதம் இல்லை. கரையோரத்தாருக்கு இது சாதாரண வரி அல்ல. ஒரு யூஎஸ்பி வாயில் செம்புள்ளி தெரிந்தால் மூன்று வருட உத்தரவாதமும் போய்விடும். கட்டாரிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி எடுப்பிக்கிறவர்களும் உண்டு. ப்ரொசசர் கைக்குள் அடங்கும், பழுதாவதும் அரிது, அதை எடுப்பிக்கலாம். மதர்போர்டையும் பவர் சப்ளையையும் இங்கே வாங்குவதே புத்தி, அங்கே வாங்கியதற்கு இங்கே யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

பூட்டுவது கடினமான வேலை அல்ல. பித்தளைத் தாங்கிகள் மதர்போர்டின் துளைகளுக்கு நேராக இருக்கின்றனவா என்று பார்ப்பது, ப்ரொசசரின் முக்கோணக் குறியைச் சொக்கெட்டின் குறியோடு ஒட்டவைப்பது, ப்ரொசசருக்குக் கரண்ட் தரும் எட்டு முனை வயரை மறக்காதது. மீதி எல்லாம் பொறுமை. அவர் தன் மேசையில் பிள்ளைகளையே பூட்ட வைப்பார். தானே பூட்டியவன்தான் பிறகு தானே கழற்றித் துடைப்பான் என்பது அவர் கணக்கு.

வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு செய்ய வேண்டியதில் ஒன்று பலருக்கு வியப்பாக இருக்கும்: கணினியை நாட்கணக்கில் அணைத்துப் போடாதீர்கள். வெளியே 30 பாகையில் 80 சதவீத ஈரப்பதன் உள்ள காற்று, ஓடிக்கொண்டிருக்கும் கேசிங்குக்குள் 40 பாகைக்குச் சூடாகும்போது அதன் ஈரப்பதன் 46 சதவீதம் அளவுக்கு இறங்குகிறது. உப்பு காய்ந்தே கிடக்கும். பாடசாலை விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பியவர்களின் கணினிகள்தான் அவர் மேசைக்கு அதிகம் வருகின்றன. தினமும் ஓடுகிறவை குறைவு. போகும்போது ஓர் அயலவரிடம் சொல்லிவைத்து, வாரத்தில் ஓரிரு தடவை சற்று நேரம் ஓடவிட்டால் போதும். கடல் பக்க யன்னலுக்கு நேரே வைக்காமல் உள்சுவர்ப் பக்கம், நிலத்திலிருந்து உயர்த்தி வைக்க வேண்டும்.

இதைச் சாமான் வாங்கும் முன்பே செய்துவிடலாம்: கொழும்பு பஸ் ஏறுவதற்கு முதல் கிழமை ஒரு மின்வேலைக்காரரைக் கூப்பிட்டு, கணினி வைக்கப்போகும் மேசைக்கருகே உள்ள ப்ளக் பொயின்டின் எர்த்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். வீட்டு ட்ரிப் சுவிட்சில் உள்ள சோதனைப் பொத்தானை நீங்களே அழுத்திப் பாருங்கள். அது உடனே விழ வேண்டும். விழாவிட்டால், கணினிக்கென்று வைத்த காசில் முதலில் அதை மாற்றுங்கள்.